பெயரை எடுத்தவரும் செடியை விடுத்தவரும்

"செடிகொடிகளின் அறிவியற் பெயரெல்லாம் இலத்தீனில் இருக்கின்றன. அவற்றைத் தமிழிற் கற்பிக்க இயலாது. ஆதலின் ஆங்கிலவழிக் கல்வியே அறிவுடைமை" என்று சொல்லித் திரியும் ஒரு கூட்டம் தமிழ்நாட்டில் உண்டு. இக்கூட்டத்தார் படித்தவர், பட்டம் பெற்றவர், தாய்மொழி என்பது காய்கறி விற்பவளிடம் விலை பேசுவதற்கு மட்டும் உரியதென்று கருதுபவர். இவர்தம் கூற்றில் மூன்று பிழைகள் உள்ளன. அம்மூன்றையும் வெளிப்படுத்துதல் வேண்டும். அவற்றினும் பெரியதாக, தமிழ்ப்பற்றாளர் முற்றத்திலேயே கிடக்கும் நான்காம் பிழை ஒன்றும் உண்டு. அதனையும் மறையாது சொல்லுதல் வேண்டும். பிறர் குற்றம் காண்பார் தம் குற்றமும் காணல் கடன்.

முதற்கண் ஒரு சொல். 'தாவரம்' என்பது நிற்பது என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு. அதே பொருளை 'நிலைத்திணை' என்னும் தென்சொல் தெள்ளத் தெளியத் தருகின்றது. இருந்த இடத்தை விட்டுப் பெயராது நிலைத்து வாழும் உயிரினம் நிலைத்திணை; அதனை ஆயும் துறை நிலைத்திணையியல். கடன் வாங்காமலே நடத்தக்க குடும்பத்திற்குக் கடன் எதற்கு?

இலத்தீன் ஆங்கிலம் அன்று

முதற் பிழை, இலத்தீனை ஆங்கிலம் என மயங்குவது. சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் இலின்னேயசு 1753ஆம் ஆண்டில் 'இசுபீசியசு பிளாந்தாரம்' என்னும் நூலை வெளியிட்டார். ஒவ்வொரு செடிக்கும் பேரினப்பெயர் ஒன்று, அதனைத் தொடரும் சிறப்புப்பெயர் ஒன்று என இருசொற் பெயரிடும் முறையை அந்நூல் நிலைநிறுத்தியது. உலக நிலைத்திணைப் பெயரீட்டிற்கு அதுவே இன்றளவும் தொடக்க எல்லை. அவர் எழுதியது இலத்தீனில்; அவர் தாய்மொழி சுவீடியம். ஆங்கிலத்திற்கு அதில் என்ன பங்கு?

முருங்கையை அறிவியலார் 'மொரிங்கா ஒலெய்பெரா' என்பர். ஆங்கிலேயன் தன் வீட்டில் அவ்வாறு சொல்வதில்லை. காயின் வடிவு நோக்கி 'முரசுகோல் மரம்' எனத் தன் மொழியிலேயே சொல்கின்றான். இலண்டன் பள்ளிச் சிறுவனுக்கு இலத்தீன் பெயர் எவ்வளவு அயலோ, மதுரைப் பள்ளிச் சிறுவனுக்கும் அவ்வளவே அயல். அவன் அவ்வயற்பெயரைத் தன் தாய்மொழி வாயிலாகக் கற்கின்றான். இவன் மட்டும் இன்னோர் அயல்மொழி வாயிலாகக் கற்க வேண்டுமாம்! ஒரு சுவரைத் தாண்ட வேண்டிய பிள்ளையின் முன் இரண்டு சுவர்களை எழுப்பிவிட்டு, "இவனுக்குத் தாண்டத் தெரியவில்லை" என்று பழிப்பது எந்நாட்டு முறை?

சப்பான் நாட்டு மகினோ தொமிதாரோ (1862–1957) தொடக்கப் பள்ளியையும் முழுமையாக முடித்தவர் அல்லர். காடுமலையெல்லாம் தாமே சுற்றிச் செடி திரட்டி, ஆயிரத்திற்கு மேற்பட்டவற்றிற்கு அறிவியற் பெயரிட்டார். அப்பெயர்கள் இலத்தீனில் அமைந்தன. ஆனால் 1940ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட படவிளக்கப் பெருநூல் சப்பானிய மொழியில் அமைந்தது. பெயர் உலகிற்கு; விளக்கம் தம் மக்களுக்கு. இவ்வேறுபாட்டை அறிந்தமையாலேயே அந்நாட்டு உழவனும் பள்ளிப் பிள்ளையும் அந்நூலைக் கையில் எடுத்தனர். இங்கோ, ஒரு செடிக்கு இலத்தீன் பெயர் இருப்பதைக் காட்டியே தமிழை வகுப்பறையிலிருந்து வெளியேற்றத் துடிக்கின்றனர்.

இலத்தீனுக்குள் ஒளிந்த தென்சொற்கள்

இரண்டாம் பிழை, அவ்விலத்தீன் பெயர்களில் தமிழுக்கு இடமே இல்லை என நம்புவது. இலின்னேயசும் ஒருகால் அவ்வாறே விரும்பினார். 1737ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'கிரித்திக்கா பொத்தானிக்கா' என்னும் நூலில், கிரேக்கத்திலும் இலத்தீனிலும் வேர்கொள்ளாத பேரினப்பெயர்கள் தள்ளத்தக்கன என நெறி வகுத்தார். ஏனைய மொழிகளின் சொற்கள் அவர் கண்ணிற்குக் காட்டுமிராண்டிச் சொற்கள். அந்நெறியை அவராலேயே காக்க முடியாமற் போயிற்று. ஏன்?

ஏனெனில், செடிகள் இங்கே இருந்தன. அவற்றை அறிந்தவரும் இங்கே இருந்தனர். கொச்சியில் ஆலந்து நாட்டார் ஆட்சித் தலைவராயிருந்த வான் இரீடு என்பவர், மலையாள நாட்டு நிலைத்திணைகளை வரைந்தும் விளக்கியும் பெருநூல் ஒன்று தொகுப்பித்தார். 'ஓர்த்தூசு மலபாரிக்கூசு' என்னும் அந்நூல் ஆம்சுட்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு மடலங்களாக வெளிவந்தது. எழுநூற்றுக்கு மேற்பட்ட செடிகள் அதில் இடம்பெற்றன. அவற்றின் பெயரையும் பயனையும் சொன்னவர் யார்? ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தாரா? அல்லர். இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவர். தம் குடும்பத்து ஏட்டுச்சுவடிகளையும் பட்டறிவையும் கொண்டு அவர் சொல்லச்சொல்ல எழுதப்பட்டது அந்நூல். அவர்தம் கையால் எழுதிய சான்றுரை, அவர் எழுத்திலேயே முதல் மடலத்தில் அச்சேறியது.

அந்நூலின் படங்களையே இலின்னேயசு பல செடிகளுக்குச் சான்றாகக் கொண்டார். படத்தோடு பெயரும் வந்தது. பாவட்டை 'பவெட்டா' ஆயிற்று. பசலை 'பசெல்லா' ஆயிற்று. அடைக்காய், மலையாள வழக்காகிய அடைக்கா வழியே போர்த்துகீசியர் நாவில் திரிந்து 'அரெக்கா' ஆயிற்று. மாங்காய் என்னும் சொல்லோடு தாங்குவது எனப் பொருள்படும் இலத்தீன் ஈற்றை ஒட்டி 'மாங்கிபெரா' எனச் சமைத்தார். இந்நான்கும் 1753ஆம் ஆண்டு நூலிலேயே உள்ளன. நெறி வகுத்த கையே நெறியை மீறிற்று. செடியின் உண்மை மொழிச் செருக்கை வென்றது.

பின்வந்தோரும் அவ்வழியே சென்றனர். முருங்கை 'மொரிங்கா' ஆனது பிரெஞ்சு அறிஞர் அதான்சன் 1763ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில். அப்பெயரினின்றே 'மொரிங்கேசி' என ஒரு முழுக் குடும்பத்திற்கும் பெயர் அமைந்தது. தேக்கு 'தெக்டோனா' ஆயிற்று. அழிஞ்சில் 'அலாங்கியம்' ஆயிற்று. புங்கு 'பொங்காமியா' ஆயிற்று. கடற்கழியில் நிற்கும் கண்டல் 'கண்டேலியா' ஆயிற்று. இவற்றுட் பல மலையாள நாட்டு வழக்கில் எடுக்கப்பட்டவை. தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவான வேரின. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 'மொரிங்கா' என்று சொல்லும் பேராசிரியர், தம்மை அறியாமலே முருங்கையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றார். அதனை அறியாத தமிழ்நாட்டுப் பட்டதாரி, முருங்கை என்பது நாட்டுப்புறச் சொல் என்றும் மொரிங்கா என்பது அறிவியற்சொல் என்றும் தம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கின்றார். தன் வீட்டுப் பானையை அயலான் எடுத்துச் சென்று வண்ணம் பூசிக் கொணர்ந்தால், அதனைப் பொற்குடம் என்று கும்பிடும் அறிவை என்னென்பது?

பெயர் யார் கையில்?

ஆயினும் எல்லாச் செடிக்கும் இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. தமிழர் சமையலில் நாள்தோறும் தாளிக்கும் கறிவேப்பிலையைப் பாருங்கள். நெடுங்காலம் அதன் அறிவியற்பெயர் 'முர்ராயா கோனிகீ'. முன்சொல், செருமனி நாட்டுக் கோட்டிங்கன் நகரில் பேராசிரியராயிருந்த முர்ரே என்பாரின் பெயர். பின்சொல், 1768ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து செடிகளை ஆய்ந்த கோனிக் என்பாரின் பெயர். இருவரும் இலின்னேயசின் மாணாக்கர். அண்மைக்காலத்தில் அறிஞர் பலர் முன்சொல்லை மாற்றிப் 'பெர்கேரா கோனிகீ' என்னும் பழம்பெயருக்கே அதனை மீட்டுள்ளனர். மீட்டும் என்ன? தமிழெழுத்து ஒன்றுகூட அதனுள் புகவில்லை. அந்த இலையைக் கோனிக்கின் கையில் முதன்முதலாகக் கொடுத்து "இது கறிவேப்பிலை" என்று சொன்ன சோழநாட்டுக் கை எது? அதற்கு எந்த ஏட்டிலும் இடமில்லை. வேம்பின் பேரினப்பெயராகிய 'அசாதிராக்தா' பாரசீகச் சொல். பாரசீகத்திற்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் திறக்கவில்லை? கேட்பார் இல்லாமையால் திறக்கவில்லை.

கோனிக் கற்றவர், உழைத்தவர், தமிழ்மண்ணிலும் தெலுங்கு மண்ணிலும் அலைந்து 1785ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே உயிர்நீத்தவர். அவர்மேற் குறையில்லை. குறை, பெயரிடும் உரிமை எப்போதும் எழுதி வைப்பவன் கைக்கே போகும் என்னும் உண்மையை உணராதவர் மேலது.

பெயர்கள் தெய்வ ஆணைகள் அல்ல, மாந்தர் இட்டவை, மாந்தரே மாற்றுவர். புதுச்செடியின் விளக்கவுரையை இலத்தீனிலேயே எழுதுதல் வேண்டும் என்னும் நெறி 1935 முதல் 2011 வரை நடந்தது. 2012 தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்திலும் எழுதலாம் என மாற்றினர். ஆப்பிரிக்க மக்களை இழிக்கும் சொல்லாகிய 'காப்ரா' என்பது இருநூற்றுக்கு மேற்பட்ட செடிகள், காளான்கள் முதலியவற்றின் பெயர்களில் ஒட்டிக்கிடந்தது. அதனை 'ஆப்ரா' எனத் திருத்த 2024ஆம் ஆண்டில் மத்ரித்து நகரில் கூடிய உலக நிலைத்திணையியற் பேரவையினர் வாக்களித்து முடிவு செய்தனர். தம் தன்மானத்தை உணர்ந்தவர் கேட்டனர், உலகம் செவிசாய்த்தது. உறங்குவார்க்கு யார் என்ன கொடுப்பார்?

பெயர் வேறு; அறிவியல் வேறு

மூன்றாம் பிழை, பெயர்ப்பட்டியலையே அறிவியல் என எண்ணுவது. நிலைத்திணையியல் என்பது, வேர் எவ்வாறு நீரை உறிஞ்சுகின்றது, இலை எவ்வாறு ஒளியை உணவாக்குகின்றது, பூ எவ்வாறு காயாகின்றது என அறியும் அறிவு. அதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் இல்லையா? பள்ளிப் பாடநூல்களைத் திறந்து பாருங்கள். புல்லிவட்டம், அல்லிவட்டம், சூலகம், சூல்தண்டு, சூல்முடி, வித்திலை, பச்சையம், ஒளிச்சேர்க்கை. இவற்றுள் எச்சொல் விளங்காத சொல்? சூல் என்றால் என்னவென்று மாடு மேய்க்கும் சிறுவனும் அறிவான். சூல் தங்கும் அகம் சூலகம் என்றால் அக்கணமே பொருள் உள்ளத்திற் பாயும். 'கைனீசியம்' என்றால் அதே சிறுவன் மனப்பாடம் செய்வான், தேர்வுத்தாளில் கக்குவான், மறப்பான். இவ்வழகிய சொற்களுக்கிடையே இன்னும் 'மகரந்தம்' முதலிய வடசொற்கள் சில கிடக்கின்றன. பூந்துகள் என்று சொன்னால் பூவிலுள்ள துகள் என எவர்க்கும் விளங்கும்போது, அவற்றைக் களைதற்கு என்ன தடை?

இது நேற்று முளைத்த ஆற்றல் அன்று. புறத்தே வயிரம் கொண்டதனைப் புல் என்றும் அகத்தே வயிரம் கொண்டதனை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் காட்டுகின்றது. ஓலையும் மடலும் பாளையும் முதலாயின புல்லின் உறுப்புப்பெயர் என்றும், இலையும் தளிரும் முதலாயின மரத்தின் உறுப்புப்பெயர் என்றும் வேறுவேறாக வகுக்கின்றது. அக்கணக்கில் பனையும் தெங்கும் கமுகும் மூங்கிலும் புல். இன்றைய அறிவியலார் மூங்கிலைப் புற்குடும்பத்திலேயே வைக்கின்றனர். பனையையும் தெங்கையும் புல்லோடு ஒருவித்திலைப் பெரும்பிரிவில் அடக்குகின்றனர். தொல்காப்பியர் இக்கால நிலைத்திணையியலை முன்னரே கண்டுவிட்டார் என்று மார்தட்ட வேண்டா, அது மிகைக்கூற்று. செடியைத் தொட்டுப் பார்த்து, வெட்டிப் பார்த்து, வேறுபாட்டிற்கேற்பச் சொல் வகுத்த கண் ஒன்று இம்மொழிக்கு இருந்தது என்பதே உண்மை. அக்கண் இன்று எங்கே?

தமிழர் செய்த பிழை

ஈண்டுத்தான் நான்காம் பிழை தொடங்குகின்றது. இது தமிழ்ப் பகைவர் செய்த பிழை அன்று. தமிழ்ப் புலவரும் தமிழ்ப்பற்றாளரும் செய்த பிழை.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்கின்றார். அவற்றை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் புலவர் இன்றும் உளர், கேட்போர் கைதட்டுவர். அப்புலவரை ஊர்ப்புற வேலியருகே அழைத்துச் சென்று, அங்குப் பூத்து நிற்கும் ஒரு கொடியைக் காட்டிப் பெயர் கேட்டால் எத்துணைப் பேர் விடை சொல்வர்? அத்தொண்ணூற்றொன்பதனுட் சில எந்தச் செடியின் பூ என்பதில் இன்றும் அறிஞர்க்குள் உடன்பாடு இல்லை. பாட்டு இருக்கின்றது, பெயர் இருக்கின்றது, பூவும் ஒருகால் எங்கோ பூத்துக்கொண்டே இருக்கின்றது. பெயருக்கும் பூவிற்கும் இடையிலிருந்த நூல்தான் அறுந்துபோயிற்று.

ஐரோப்பியர் அந்நூலை அறவிடாமற் காத்தனர். ஒரு செடியைக் கண்டால் அதனைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, கண்ட இடமும் நாளும் எழுதி வைத்தனர். இப்பெயர் இச்செடியையே குறிக்கும் என்பதற்கு அவ்வுலர்செடியே காலங்கடந்த சான்று. 1776ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து 1836ஆம் ஆண்டில் சென்னையில் மறைந்த இரோட்லர் என்னும் கிறித்தவத் தொண்டர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் திரட்டிய உலர்செடிகள் இன்றும் இலண்டன் கியூ தோட்டத்தில் உள்ளன. அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகரமுதலியும் 1834ஆம் ஆண்டு முதல் அச்சாகி வெளிவந்தது. ஒரு கையில் செடி. மறு கையில் சொல். அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் இரு கையாலும் செய்த பணியைத் தமிழ்நாட்டில் இரண்டு கூட்டத்தார் பங்கிட்டுக்கொண்டு பாழாக்கினர். தமிழாசிரியர் செடியை அறியார். நிலைத்திணையியல் ஆசிரியர் சொல்லை அறியார்.

செங்காந்தளை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. தமிழாசிரியர் காந்தள் என்று பாட்டில் நயம் உரைக்கின்றார். நிலைத்திணையியல் ஆசிரியர் 'குளோரியோசா சுபெர்பா' எனக் கரும்பலகையில் எழுதுகின்றார். அதனை மருந்துவிதைக்காகப் பயிரிடும் உழவர் கண்வலிக்கிழங்கு என்கின்றார். மூவரும் ஒரே ஊரினர். ஒரே செடியைப் பற்றிப் பேசுகின்றனர். ஒருவர் பேசுவது மற்றவர்க்குத் தெரியாது. அக்கிழங்கோ உயிரைக் கொல்லும் நஞ்சு. பெயர் அறியாமை அங்கே இலக்கணப் பிழையாக நின்றுவிடாது; உயிர்ப்பிழையாகவும் முடியும்.

மஞ்சட்காமாலைக்குத் தமிழ் மருத்துவம் கைக்கொள்வது கீழாநெல்லி. அப்பெயரால் கடைக்கு வரும் சரக்கில் உருவம் ஒத்த வேறு இனங்களும் கலந்து வருகின்றன. பறிப்பவர்க்கு வேறுபாடு தெரியாமையும், விற்பவர்க்குக் கவலை இல்லாமையும் அதற்குக் கரணியங்கள். நோயாளி குடிப்பது எது? பெயரோடு செடி பிணைக்கப்படாத இடத்தில் மருத்துவமே ஆட்டங்காண்கின்றது.

உரிமையும் அவ்வாறே. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புத்தாக்க உரிமம் வழங்கினர்! இந்திய அறிவியல் மன்றத்தார் எழுத்துச் சான்றுகளைக் காட்டி வழக்காடிய பின்னரே 1997இல் அது நீக்கப்பட்டது. மஞ்சளுக்கு ஏடு இருந்தது, தப்பியது. கொல்லிமலையிலும் பொதிகையிலும் ஒரு கிழவியின் நாவில் மட்டும் பெயர் வாழும் பச்சிலைக்கு எந்த ஏடு இருக்கின்றது? அவள் கண்மூடும் நாளில் அப்பெயரும் கண்மூடும். அதன்பின் அச்செடி யாருக்கும் உரியதாகலாம். தமிழர்க்கு மட்டும் உரியதாகாது.

இந்நிலையில் சில தமிழ்ப்பற்றாளர் செய்வது என்ன? நாற்காலியில் அமர்ந்து, இலத்தீன் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் புதுப்பெயர் புனைகின்றனர். அச்செடிக்குப் பக்கத்து ஊரில் ஆயிரம் ஆண்டுப் பழமையான பெயர் ஒன்று வழங்கக் கூடும் என்பதை அவர் எண்ணுவதில்லை. வேலியில் வாழும் சொல்லைக் கொன்றுவிட்டு மேசையில் சொல் பிறப்பிப்பது தமிழ்த்தொண்டு ஆகாது.

செய்யத்தக்கன

உலகப் பொதுப்பெயரை ஒழிக்க வேண்டும் என்று அறிவுடைய தமிழர் எவரும் சொல்லார். ஒரு செடிக்கு ஊர்தோறும் ஒரு பெயரும், ஒரே பெயருக்கு ஊர்தோறும் ஒரு செடியும் இருக்குங்கால், உலகத்தார் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளப் பொதுப்பெயர் வேண்டும். அது இருக்கட்டும். ஆனால் அது விருந்தினர் அமரும் திண்ணையில் இருக்கட்டும், வீட்டை ஆளவேண்டா.

பாடநூல் ஒவ்வொன்றிலும் செடியின் தமிழ்ப்பெயர் முதலிலும், வட்டார வழக்குகள் அடுத்தும், உலகப் பொதுப்பெயர் இறுதியிலும் வருதல் வேண்டும். அப்பொதுப்பெயர் தென்சொல்லினின்று பிறந்ததாயின், அதனை ஒரு வரியிலேனும் பிள்ளைக்கு அறிவித்தல் வேண்டும்.

ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் சிறியதோர் உலர்செடியகம் தோன்றுதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. பழைய செய்தித்தாளும் கனமான இரண்டு பலகைகளும் போதும். செடியைப் பறித்த ஊர், நாள், அவ்வூரார் வழங்கும் பெயர், அப்பெயரைச் சொன்னவர் பெயர் ஆகிய நான்கும் தாளில் ஏறுதல் வேண்டும். இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த சிறப்பு ஒவ்வோர் ஊர் மருத்துவச்சிக்கும் கிடைக்கட்டும். கோவையில் நடுவணரசின் தென்மண்டல உலர்செடியகமும், 1967ஆம் ஆண்டில் திருச்சியில் தொடங்கப்பெற்ற இராபினாத்து உலர்செடியகமும் உள்ளன. ஐயம் நேர்ந்துழி ஆங்கே சென்று ஒப்புநோக்கித் தெளியலாம்.

தமிழாசிரியரும் நிலைத்திணையியல் ஆசிரியரும் ஆண்டிற்கு ஒரு முறையேனும் மாணவரோடு ஒன்றாகக் காட்டிற்குச் செல்க. ஒருவர் சொல்லைக் கொண்டு செல்க. மற்றவர் அறிவியலைக் கொண்டு செல்க. ஊர்ப்பெரியவர் செடியைக் காட்டுவார்.

புதுச்செடி கண்டு பெயரிடும் பேறு பெற்ற தமிழ் அறிஞர்க்கும் ஒரு சொல். எம்மொழியினின்று எடுத்த சொல்லாயினும் அறிவியற் பெயராக அமைந்தபின் அதனை இலத்தீனாகவே கொள்ளுதல் உலக நெறி. ஆதலின் அம்மலையில் அச்செடிக்கு வழங்கும் தமிழ்ப்பெயரையே பெயராக அமைத்தற்கு எந்தத் தடையும் இல்லை. மேலதிகாரியின் பெயரைச் சூட்டி மகிழ்வதைக் காட்டிலும், மண்ணின் பெயரைச் சூட்டி நிமிர்வது மேல்.

முருங்கையைக் கொடுத்து மொரிங்காவை வாங்கியவர் ஏமாந்தவர். ஆனால் முருங்கை மரம் கொல்லையில் நிற்கையில், அதன் பெயரையும் பயனையும் தன் பிள்ளைக்குத் தன் மொழியில் சொல்லாதவர் ஏமாற்றுபவர். தம் பிள்ளையையே ஏமாற்றுபவர். பெயரைப் பாட்டில் வைத்துப் பூட்டியது போதும். செடியின் அருகே சென்று, அதனைத் தொட்டு, அதன் பெயரை உரக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும்.